வேர்க்குரு

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எலும்பு முறிவுக்கென்றே நடக்கிற ஆஸ்பத்திரி. இரண்டு கட்டில் போட்ட அறை. நடுவில் வெளிறிப்போன பச்சைத் திரை. இங்கே யார்தான் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள்? மதியம் இரண்டு மணி வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் வரிசையாகப் படுக்கவைத்திருந்தது, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்' போட்டது, தரை துடைத்த மருந்தின் நெடியும் பஞ்சில் நனைந்த ஸ்பிரிட்டின் நெடியும் கலந்து தொண்டையில் இனிப்பாக ஒட்டிக்கொண்டன, இத்தனைக்கும் அடியில், யாரோ ஒளிந்துகொண்டு ரம்பம் இழுப்பது போல, அந்த மூச்சு போய் வந்துகொண்டிருந்தது. சின்ன மூச்சு. நெஞ்சின் மேல்மட்டத்திலேயே திரும்பிவிடுகிற மூச்சு. ஒன்று முடிவதற்குள் அடுத்தது அவசரப்பட்டது.

பாவம், யாரோ என்னவோ, என்று நினைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்க வழியில்லை. நேற்றுக் காலை வேலைக்குப் போகும்போது சந்திலிருந்து பாய்ந்து திரும்பிய சரக்கு வேன் அவளை ஸ்கூட்டரோடு தூக்கி எறிந்திருந்தது. தலையில் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தும் சொல்லிவிட்டார்கள். வலது தொடை எலும்பு மட்டும் இரண்டாகப் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கம்பியைச் செருகி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் இருந்த கப்பி வழியாக எடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். நாளைக் காலை ஆபரேஷன். அதுவரை மல்லாந்தே கிடக்க வேண்டும். புரளக் கூடாது, எழக் கூடாது. கட்டிலோடு வைத்துத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாத்தனார் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். கணவனின் தங்கை, அழகு நிலையம் நடத்துகிறவள். ஆஸ்பத்திரிக்கும் ஒரு பை நிறையச் சீப்பும் பவுடரும் கிரீமும் கொண்டுவந்து இறக்கியிருந்தாள்.

"கால்தானே உடைஞ்சுது அண்ணி, மூஞ்சிக்கு என்ன? பார்க்க வர்றவங்க பயந்து ஓடிடக் கூடாது பாருங்க."

முடி ஒன்று சுருக்கென்று இழுத்தது. "சாவி... மெதுவா," என்றாள் அவள்.

"என்னது?"

"சீப்பு. மெதுவான்னு சொன்னேன்."

"சாவின்னீங்க அண்ணி!" நாத்தனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "போட்ட ஊசி நல்லா வேலை செய்யுது போல."

அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, விட்ட மூச்சைத் திரும்பப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கெங்கோ இருக்கும் டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிச் சொல்லிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பாள். முகம் தெரியாத ஆயிரக்கணக்கான உடம்புகள் அவள் விரல் வழியாகப் போயிருந்தன. அந்தத் தெம்பில் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் ஒரு பெயர் சொல்வாள். மைத்துனருக்கு ஒருமுறை வயிற்றில் வாயு சேர்ந்தபோது மாரடைப்பு என்று சொல்லி, அழுது, ஆம்புலன்ஸை வரவழைத்து, தெருவையே வாசலில் நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து கணவன் அவளுக்கு வைத்த பெயர் 'பாதி டாக்டர்'. மீதிப் பாதி எங்கே என்று கேட்டுக் கேட்டு அந்தக் குடும்பம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

மூன்று மணிக்கு நர்ஸ் வந்து அவள் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மாட்டினாள். சின்னத் திரையில் எண் தடுமாறி, தொண்ணூற்று இரண்டில் நின்றது. நர்ஸ் கிளிப்பைக் கழற்றி, அவள் விரலைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, மறுபடி மாட்டினாள். தொண்ணூற்று மூன்று.

"கை சில்லுன்னு இருக்கும்மா, அதான். நல்லா இழுத்து மூச்சு விடுங்க."

"எனக்கு இருக்கட்டும் சிஸ்டர். பக்கத்துல இருக்கிறவங்களைப் பாருங்க. ரெண்டு மணியிலேருந்து மூச்சு வாங்குறாங்க."

நர்ஸ் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் நர்ஸைப் பார்த்தாள்.

"அங்க யாரும் இல்லையே அண்ணி. அந்தம்மா காலையிலேயே வீட்டுக்குப் போயிட்டாங்களே."

நர்ஸ் திரையை இழுத்தாள். வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டு ஓடின. அந்தப் பக்கம் வெறும் கட்டில். விரிப்பு இல்லாத நீல ரெக்ஸின் மெத்தை, அதன் மேல் மடித்து வைத்த ஒரு போர்வை, ஜன்னல் வெயில். அவ்வளவுதான்.

மூச்சுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

அவள் வாயை மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்தாள்.

சத்தம் நின்றது.

விட்டாள். மறுபடி வந்தது.

நர்ஸ் போன பிறகு நாத்தனார் ஈரத்துண்டைப் பிழிந்து அவள் கழுத்தைத் துடைத்தாள். நைட்டியின் மேல் பொத்தான்களைக் கழற்றி நெஞ்சைத் துடைத்தாள். கையைத் தூக்கி அக்குளைத் துடைக்கப் போனவள் "அடடா" என்றாள். "படுத்தே கிடக்கிறதுல வேர்க்குரு வந்துடுச்சு பாருங்க. கழுத்துல, நெஞ்சுல, இங்க எல்லாம்."

"கண்ணாடி காட்டு."

கைக்கண்ணாடி முகத்துக்கு நேராக இறங்கியது. கழுத்துக்குக் கீழே, தோள் எலும்பின் பள்ளத்தில், சிவப்புப் புள்ளிகள். பேனா முனையால் யாரோ பொறுமையாகக் குத்திக் குத்தி வைத்தது போல. அவள் ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். வேர்க்குருவாக இருந்தால் அழுத்தும்போது வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை. தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம் எங்கே போகும்?

அப்போதுதான் ஹெட்போன் இல்லாமலே அவளுக்கு அந்தக் குரல்கள் கேட்டன. மூன்று டாக்டர்கள், மூன்று வெவ்வேறு வருஷங்கள், ஒரே நோய். தொடை எலும்பு முறிவு. முதல் நாள் நன்றாக இருந்தார். இரண்டாம் நாள் மூச்சுத் திணறல். குழப்பமான பேச்சு. கழுத்திலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகள். நீள எலும்பு உடைந்தால் அதன் உள்ளே இருக்கும் கொழுப்பு பொட்டுப் பொட்டாகக் கசிந்து ரத்தத்தில் இறங்கும். இறங்கி நுரையீரலுக்குப் போகும். அங்கே வடிகட்டியில் மாட்டிய எண்ணெய்த் துளி போல நுண்ணிய குழாய்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். சிலது அங்கேயும் நிற்காது. மூளைக்கு ஏறும்.

முதல் கோப்பில் இருந்த பையன் நடந்து வீட்டுக்குப் போனான். இரண்டாவது கோப்பில் இருந்தவளும் போனாள். சீக்கிரம் கண்டுபிடித்து, ஆக்சிஜன் கொடுத்து, தாங்கிப் பிடித்திருந்தார்கள். மூன்றாவது கோப்பில் தாமதமாகத்தான் கண்டுபிடித்தார்கள். அதன் கடைசிப் பக்கத்தை அவள் நினைக்க விரும்பவில்லை.

"ஏய்," என்றாள் நாத்தனாரிடம். "டாக்டரைக் கூப்பிடு. இது வேர்க்குரு இல்ல. கொழுப்பு. எலும்புலேருந்து கொழுப்பு வந்து மூச்சை அடைக்குது."

நாத்தனாரின் கையில் பவுடர் டப்பா இருந்தது. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது. "ஆரம்பிச்சாச்சா பாதி டாக்டர்? கால் உடைஞ்சவங்களுக்குக் கொழுப்பு எங்கேருந்து வரும்? உங்களுக்குக் கொழுப்பு வாயில மட்டும்தான்னு எங்கண்ணன் சொல்வாரே."

"விளையாடாத. நெஜமா."

"சரி சரி, ஆறு மணிக்கு ரவுண்ட்ஸ் வருவாங்கள்ல, சொல்லுவோம்."

பவுடர் பஞ்சு கழுத்தில் இறங்கியது. மல்லிகை மணம். பட்டுப் போல மென்மையாக, தொழில் தெரிந்த கை, கழுத்தில், தோளில், நெஞ்சில், அக்குளில் ஒற்றி ஒற்றி எடுத்தது. ஒவ்வொரு ஒற்றலுக்கும் கொஞ்சம் புள்ளிகள் மறைந்தன. அவள் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளப் பார்த்தாள். கை தன்னுடையதுதான், ஆனால் தூரத்தில் இருந்தது.

"துடை," என்றாள். "அதைத் துடைச்சிடு."

"என்ன அண்ணி?"

"குடை."

"குடையா? வெயில் படுதா?" நாத்தனார் எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினாள். அறை மங்கியது.

வெயில் இல்லை. மணி என்ன? சுவரில் கடிகாரம் இருந்தது. முட்களும் இருந்தன. நீளமான ஒன்று, குட்டையான ஒன்று. எது எதைச் சொல்லும் என்பது மட்டும் அவளிடமிருந்து நழுவிப் போயிருந்தது. பதற்றத்தில் இதெல்லாம் சகஜம், என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். உள்ளே வார்த்தைகள் ஒழுங்காகத்தான் இருந்தன. தெளிவாக, வரிசையாக, எப்போதும் போல. வாசல்படியில்தான் யாரோ நின்றுகொண்டு அவற்றை மாற்றி மாற்றி அனுப்பினார்கள்.

வாய் வேண்டாம். விரல் போதும். விரலுக்குப் பதினோரு வருஷப் பழக்கம்.

கையை நீட்டி, நாத்தனாரின் மடியில் கிடந்த போனைக் காட்டினாள். தட்டுவது போல விரல்களை ஆட்டிக் காட்டினாள்.

"போன் வேணுமா? அண்ணனுக்கு மெசேஜா? இந்தாங்க."

போன் உள்ளங்கையில் கனத்தது. அவள் தட்டினாள். மூச்சு வாங்க வாங்க, பிழை விழாமல், ஒவ்வொரு எழுத்தாக: இது வேர்க்குரு இல்லை. தொடை எலும்பின் கொழுப்பு நுரையீரலை அடைக்கிறது. உடனே டாக்டர். ஆக்சிஜன். ஒருமுறை படித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. ஒரு துணைக்கால்கூட விடுபடவில்லை. நிம்மதியில் அழுகை வந்தது. போனைத் திருப்பி நாத்தனாரிடம் காட்டினாள்.

நாத்தனார் படித்தாள். சிரிப்பு முகத்தில் பாதியிலேயே நின்றுபோயிற்று. திரையை அவள் பக்கம் திருப்பி, மெதுவாகக் கேட்டாள்.

"என்ன அண்ணி இது... வெறும் 'ம'வா அடிச்சு வெச்சிருக்கீங்க?"

அவள் பார்த்தாள். திரையில் அந்த வாக்கியம்தான் இருந்தது. கொழுப்பு. நுரையீரல். டாக்டர். அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு மட்டும்.

"கொஞ்சம் தூங்குங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "எதையோ நினைச்சுப் பயப்படுறீங்க."

நர்ஸைக் கூப்பிட நாத்தனார் வெளியே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மணிப் பொத்தானின் ஒயர் கட்டிலின் பின்புறமாக எங்கோ விழுந்து கிடந்தது. கையை நீட்டித் துழாவினாள். சுவர். மெத்தை ஓரம். காற்று. இடுப்பை நகர்த்தப் பார்த்தபோது கால்மாட்டில் எடை ஆடியது, உடைந்த எலும்பின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று உரசின. அந்த உரசலில் இன்னும் கொஞ்சம் கசியும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு துளி. தப்பிக்க அசைந்தால் அதுவே அவளை நிரப்பும்.

அசையாமல் கிடந்தாள். அசையாமல் கிடக்கவும் முடியவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு ஆள். பிறகு இன்னொருவர். காற்று வாய்வரை வந்தது. உள்ளே வரவில்லை.

எழுந்துவிட வேண்டும். போய்விட வேண்டும். நடந்தே போய்...

கையில் ஏதோ இழுத்தது. பிடுங்கினாள். சூடாக ஏதோ கை வழியே ஓடியது.

கதவு. காலடிகள்.

"ஐயோ, ட்ரிப்பைப் பிடுங்கிட்டாங்க! கையைப் பிடிங்க. பிடிங்கம்மா!"

"அண்ணி! அண்ணி, என்ன இது?"

"கட்டணும். இல்லன்னா காலை இழுத்துக்குவாங்க. துணி இருக்கா?"

நாத்தனார் தன் துப்பட்டாவைத்தான் கொடுத்தாள். அழுதுகொண்டே அவளே கட்டினாள். வலது மணிக்கட்டு. இடது மணிக்கட்டு. இறுகாமல், முடிச்சு தோலில் படாமல், அத்தனை அக்கறையாக. "வலிக்குதா அண்ணி? வலிச்சா சொல்லுங்க."

சொன்னாள். மூச்சு முட்டுது, புள்ளியைப் பாரு, புள்ளியைப் பாரு என்று சொன்னாள்.

"பொட்டு வேணுமாம்," என்றாள் நாத்தனார் நர்ஸிடம்.

ஒரு ஆள் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவனின் கை. நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு. அந்தக் கை அவளுக்குத் தெரியும். அந்தச் சட்டையும் தெரியும். போன வாரம் அவள்தான் பொத்தான் தைத்தாள். சட்டைக்கு மேலே இருந்த முகத்தைத்தான் அவள் பார்த்ததே இல்லை. ஒரு அந்நியன் அவள் கணவனின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் நெற்றியைத் தடவினான்.

"என்னம்மா இது, நெருப்பாக் கொதிக்குது? நான்தான். என்னைப் பாரு. நான் யாரு, சொல்லு."

அவள் அலறினாள்.

அந்த அலறலுக்குத்தான் டாக்டர் ஓடி வந்தாள். சின்ன வயசு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் ஆடியது. கிளிப்பை மாட்டினாள். எண்ணைப் பார்த்தாள். எழுபத்தெட்டு. ஒரு நொடி அவள் முகத்தில் எதுவுமே இல்லை. பிறகு கையை நெஞ்சில் வைத்தவள், விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"பவுடர் டாக்டர்," என்றாள் நாத்தனார். "வேர்க்குருவா இருந்துச்சு. நான்தான்..."

டாக்டர் ஸ்பிரிட் பஞ்சை எடுத்து ஒரே இழுப்பாகத் துடைத்தாள். மல்லிகையும் ஸ்பிரிட்டும் ஒன்றாக மணத்தன. கழுத்திலிருந்து நெஞ்சு வரை புள்ளிகள் இப்போது நெருங்கி, படர்ந்து, சிவப்பு மணலை வாரி இறைத்தது போலக் கிடந்தன. டாக்டர் அவள் கீழ் இமையைப் புரட்டினாள். அங்கேயும்.

"எவ்வளவு நேரமா இருக்கு இது?"

நாத்தனார் பவுடர் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். சக்கரங்கள். கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் ஓடின. லிஃப்ட். குளிர். மூக்கை மூடிய ரப்பர் வாசனை. அவள் வாய்க்குள் ஏதோ உலோகம் நுழைந்து நாக்கைத் தூக்கியது. தொண்டைக்குள் ஒரு குழாய் இறங்கியது. பிறகு, யாரோ அவளுக்காக மூச்சு விட ஆரம்பித்தார்கள். உஸ். நின்று, உஸ். நெஞ்சு தானாகத் தூக்கிக்கொண்டது. நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

காற்று. எத்தனை காற்று!

கொஞ்சம் கொஞ்சமாகத் தலை தெளிந்தது. இமை முழுதாக மூடவில்லை. கீழே ஒரு கீற்று திறந்திருந்தது. அதன் வழியாக வெள்ளைச் சுவர், பச்சைக் கோடு ஓடும் பெட்டி, கதவோரம் அவள் கணவன். அவனேதான். அவன் முகமேதான். அவனிடம் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எலும்புக்குள்ள இருக்கிற கொழுப்பு ரத்தத்துல கலந்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போயிருக்கு. அதான் அப்படிப் பேசினாங்க."

சொல்லிவிட்டாள். யாரோ ஒருத்தி கடைசியில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள். அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அதைத்தானே நான் மூணு மணியிலேருந்து சொல்றேன்!

நாக்கு அசையவில்லை. குழாய் இருக்கிறது, அதனால். விரலை அசைத்தாள்.

விரல் அசையவில்லை.

கால் கட்டைவிரல். இல்லை. புருவம். இல்லை. விழுங்கப் பார்த்தாள். தொண்டை அவளுடையதாக இல்லை.

"இதுக்குன்னு தனியா மருந்து எதுவும் இல்ல சார். மெஷின்ல வெச்சுத் தாங்கிப் பிடிக்கிறோம். உடம்பே கரைச்சுக்கணும். நாலு நாளோ, பத்து நாளோ. மெஷினோட மல்லுக்கட்டக் கூடாதுன்னு அசையாம இருக்க மருந்து போட்டிருக்கோம். தூங்கவும் போட்டிருக்கு."

தூங்கலை. நான் தூங்கலை டாக்டர்.

"அவளுக்கு ஏதாவது தெரியுமா?"

"ஒண்ணுமே தெரியாது. பயப்படாதீங்க. ஆழ்ந்த தூக்கம்."

உஸ். நின்று, உஸ்.

அவன் கட்டிலருகே வந்தான். குனிந்தான். அவன் கண் அவள் கண்ணின் கீற்றுக்கு நேராக வந்து நின்றது. இவ்வளவு கிட்டத்தில். அவள் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் அந்தக் கீற்றுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். பாரு. இங்க இருக்கேன். பாரு.

"எவ்வளவு அமைதியா இருக்கா," என்றான் அவன்.

நர்ஸ் ஒருத்தி தட்டோடு வந்தாள். "கண்ணு முழுசா மூடலை சார். காஞ்சு போயிடும். மருந்து விட்டு டேப் போட்டுடறேன்."

கண்ணுக்குள் பசை போல ஏதோ வழிந்தது. இடது இமையை ஒரு விரல் கீழே தள்ளியது. மேலே வெள்ளைப் பட்டை. இருட்டு. பாதி உலகம் போயிற்று.

"இன்னொண்ணை நான் போடலாமா சிஸ்டர்?" அவன் குரல் உடைந்திருந்தது. "நானும் ஏதாவது செய்யணும்ல."

"போடுங்க சார். ஓரம் பெயராம பார்த்து ஒட்டுங்க."

வலது கீற்றில் அவன் விரல்கள் வந்தன. நகக்கண்ணில் கிரீஸ். இரண்டு விரலுக்கு நடுவில் விறைப்பாகப் பிடித்த வெள்ளைப் பட்டை, கிட்டே வர வர அகன்று, முழு வெளிச்சமும் அதுவாயிற்று. இமை மூடியது. அதன் மேல் அவன் கட்டைவிரல், மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாக, நிதானமாக, பிரியமாக, ஒரு முறை தேய்த்தது. ஓரம் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தது. மறுபடி தேய்த்தது.